இடையில் பிறந்த ரவை

சிறந்த பொருள் தானாகவே நிலைபெறும் என்று நாம் நம்புகின்றோம். 1964ஆம் ஆண்டு அமெரிக்காவில் அறிமுகமான '.41 மக்னம்' என்னும் சுழல் துப்பாக்கி ரவையின் வரலாறு வேறு விதமாகக் கூறுகின்றது.

அக்காலத்தில் அந்நாட்டுப் பொலிஸார் பெரும்பாலும் .38 ரவையையே பயன்படுத்தினர். அதனிலும் வலிய .357 மக்னம் 1935இல் வந்தது, வேட்டைக்காரர் விரும்பிய.44 மக்னம் 1950களின் நடுப்பகுதியில் வந்தது. முன்னது போதாது, பின்னது பொலிஸாருக்கு மிகை என்று கருதிய எல்மர் கீத், பில் ஜோர்டன் முதலியோர் இடைப்பட்ட ரவையொன்றைக் கோரினர். ரெமிங்டன் நிறுவனம் ரவையையும், ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் அதற்குரிய துப்பாக்கியையும் செய்தன.

ரவையின் ஆற்றலில் குறையிருக்கவில்லை. ஆயினும் துப்பாக்கி, .44இற்குரிய பெரிய உடலமைப்பிலேயே செய்யப்பட்டது. நாள் முழுவதும் இடுப்பிற் சுமக்க அது பாரமாயிருந்தது. முழுவலு ரவையின் பின்னுதைப்போ பலரால் தாங்கவியலாததாயிற்று. வேகங் குறைந்த ஈயக்குண்டு ரவை பொலிஸாருக்கெனத் தனியாக விற்கப்பட்டும், சான் அன்ரோனியோ போன்ற சில நகரங்களே அதனை ஏற்றன. 1971இல் வெளிவந்த 'டேர்ட்டி ஹரி' திரைப்படம் .44இன் புகழையே வளர்த்தது. 1980களில் பொலிஸார் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளுக்கு மாறத் தொடங்கவே, .41 வேட்டைக்காரர் சிலரின் விருப்பமாக மட்டும் எஞ்சியது.

சுமப்பவரின் நிலையை அறியாது செய்யப்படும் பொருள், எத்துணைச் சிறந்ததாயினும், கடையிலேயே தங்கிவிடும் என்பதை நாம் இதனால் உணரலாம்.