பெனடிக்ட் கரைசலும் நீரிழிவுக் குடும்பங்களும்

நீரிழிவுக்கு ஆகும் செலவைக் கணக்கிடுகிறவர்கள் மருந்துக் கடையில் கொடுத்த பணத்தையே பெரும்பாலும் எண்ணுகிறார்கள்; ஆயினும் இந்த வியாதியை வீட்டிலேயே சோதித்தறிந்த வழக்கத்தின் சரித்திரத்தை நோக்கினால், நோயாளியும் அவர் வீட்டாரும் நாள்தோறும் பட்ட சிரமமும் கவலையும் எந்தக் கணக்கிலும் ஏறாமலே போயினமை விளங்கும்.

அமெரிக்க ரசாயன அறிஞர் ஸ்டான்லி பெனடிக்ட் 1909-ஐ ஒட்டி வெளியிட்ட கரைசல், மயில்துத்தம், சோடியம் கார்பனேட், சோடியம் சிட்ரேட் ஆகியவற்றைக் கொண்டு சாதாரண மருந்துச் சாலையிலும் தயாரிக்கத்தக்கதாக இருந்தது. பாஸ்டனில் எலியட் ஜாஸ்லின் 1918-இல் மருத்துவருக்கும் நோயாளிக்கும் பொதுவான கைநூல் ஒன்றை எழுதி, சோதனையை அவரவரே செய்துகொள்ளப் பழக்கினார். வைத்தியசாலைக்குரிய காரியம் அடுக்களைக்கு வந்து சேர்ந்தது. கண்ணாடிக் குழாயில் 5 மில்லிலிட்டர் கரைசலை ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, கொதிக்கும் நீரில் 5 நிமிஷம் வைத்தெடுத்தால், சர்க்கரை இல்லாதபோது நீலம் நீலமாகவே நிற்கும். இருந்தால் அதன் அளவுக்கேற்பப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறி, மிகுந்திருந்தால் செங்கல் நிறமாய் அடியில் படியும். இரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் பொதுவாகச் சிறுநீரில் இறங்குமாதலால், நீல நிறத்தைக் கண்டு நிம்மதி கொண்ட எத்தனையோ பேருடைய கண்ணும் சிறுநீரகமும் அந்த நிம்மதிக்கிடையிலேயே பழுதுபட்டிருக்கக் கூடும் என்பது நெஞ்சை வருத்துகிற விஷயம்.

1941-இல் அடுப்பில்லாமலே சோதிக்க உதவும் மாத்திரையும், 1956-இல் ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃபிரட் ஃப்ரீ தம்பதியர் முயற்சியால் சிறுநீரில் தோய்க்கும் பட்டையும் வந்தன. சிரமம் குறைந்தது, ஆனால் ஒருமுறை தோய்த்து எறியும் பட்டைக்கு ஒவ்வொரு முறையும் காசு கொடுக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு பாடும் செலவும் பலன் தருமா என்ற கேள்விக்கு, இரண்டாம் வகை நீரிழிவைப் பொறுத்தவரை, பிரிட்டனில் 1977-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ராபர்ட் டர்னர் தலைமையில் தொடங்கி 5,102 பேரைச் சேர்த்து நடத்திய ஆராய்ச்சிதான் 1998-இல் தக்க விடை அளித்தது. சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் முதலிய நுண்குழாய்ச் சிக்கல்கள் கால் பங்கு குறைந்தன. ஆராய்ச்சியின்போது சிகிச்சைக்கு நபருக்கு 695 பவுன் கூடுதலாகச் செலவானதும், சிக்கல்களுக்கான செலவில் 957 பவுன் மிச்சமானதும் பின்னர் 2000-இல் வெளியான கணக்கினால் தெரியவந்தன.

இந்தப் பெரும் பணியில் நான் தலைவணங்குவது, நோயாளிகளிடம் அவர்களுடைய வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பதையும் வினாப்பட்டியல் கொடுத்துக் கேட்டறிந்தமைக்காகவே. வாழ்க்கையின் சுகத்தைக் கெடுத்தவை சிக்கல்களே, கண்டிப்பான சிகிச்சை அன்று என்பது அதனால் புலனாயிற்று. ஆயினும் சர்க்கரை அடிக்கடி தாழ்ந்து போனவர்கள் கூடுதலான மனப்பதற்றத்தைத் தெரிவித்தனர். சிகிச்சையின் அளவை நிர்ணயிக்கும் மருத்துவர் அந்தப் பதற்றத்தையும் விசாரித்தறிய வேண்டும்.