கடுமையான ஆஸ்துமாவில் மரபணுச் செயல்பாடு: ஆய்வுப் பார்வை மாறிய வரலாறு (1958–2021)

முன்னுரை

ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்டீராய்டு இன்ஹேலரை ஒழுங்காகப் பயன்படுத்தினாலே மூச்சுத்திணறல் அடங்கிவிடுகிறது. ஒரு சிறுபான்மையினருக்கு அப்படி அடங்குவதில்லை. உயர் அளவு ஸ்டீராய்டு இன்ஹேலரும் வேறொரு மருந்தும் சேர்ந்தால்தான் நோய் கட்டுப்படும், அல்லது அவை சேர்ந்தும் கட்டுப்படாது. இந்த நிலையையே ஐரோப்பிய, அமெரிக்க நுரையீரல் மருத்துவச் சங்கங்கள் 2014இல் கடுமையான ஆஸ்துமா என்று வரையறுத்தன. இவர்களில் பலர் ஸ்டீராய்டு மாத்திரையை நம்பி வாழ்கிறார்கள். எலும்புத் தேய்மானம், நீரிழிவு, கண்புரை எனப் பின்விளைவுகள் அவர்களைத் தொடர்கின்றன.

ஒரே மருந்து ஒருவருக்குப் பலிக்கிறது, மற்றவருக்குப் பலிப்பதில்லை. இது ஏன் என்ற கேள்விக்கு விடை தேடிய அறுபதாண்டு முயற்சியை இக்கட்டுரை ஆராய்கிறது. மூச்சுக்குழல் செல்களில் எந்த மரபணுக்கள் எவ்வளவு இயங்குகின்றன என்பதை அளக்கத் தொடங்கிய பிறகே இக்கேள்விக்கு உறுதியான விடை கிடைத்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

சளியில் கிடைத்த முதல் தடயம்

1958இல் இங்கிலாந்தின் டெர்பி நகர மருத்துவர் ஹாரி மாரோ பிரவுன் தம் நோயாளிகளின் சளியை நுண்ணோக்கியில் பார்த்தார். சளியில் இயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் மிகுந்திருந்தவர்களுக்குப் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு நன்றாக வேலை செய்தது. அவை இல்லாதவர்களுக்குப் பயன் தரவில்லை. எளிய சோதனைதான். ஆயினும் ஆஸ்துமாவுக்குள் வகைகள் உண்டு என்பதற்கு அது வலுவான சான்று. அந்த அணுக்கள் சிலரிடம் மட்டும் ஏன் திரள்கின்றன என்பதை விளக்கும் அறிவியல் அன்று இல்லை.

அந்த விளக்கம் நோயெதிர்ப்பியலிலிருந்து வந்தது. எலிகளின் உதவி டி-செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் தாம் சுரக்கும் புரதங்களைப் பொறுத்து இரு வகைப்படும் என்று டிம் மாஸ்மனும் ராபர்ட் காஃப்மனும் 1986இல் காட்டினர். 1992இல் லண்டன் ஆய்வாளர்கள் ஒவ்வாமை ஆஸ்துமா உள்ளவர்களின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரிலிருந்த செல்களைச் சோதித்தனர். இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-5 ஆகிய புரதங்களுக்கான தூது ஆர்.என்.ஏ. அங்கே மிகுந்திருந்தது. இவை இரண்டாம் வகைச் செல்களின் அடையாளங்கள். எலும்பு மச்சையிலிருந்து இயோசினோஃபில்களை வளர்த்து வெளியே அனுப்புவது இன்டர்லூக்கின்-5. ஆக, பிரவுன் கண்ட அணுக்களுக்குப் பின்னால் இயங்கும் மரபணுவின் தடம் புலப்பட்டது.

பரம்பரையும் செயல்பாடும்

ஒருவரின் செல்கள் அனைத்திலும் ஏறக்குறைய ஒரே மரபணுத் தொகுதிதான் இருக்கிறது. எந்த மரபணு எந்தச் செல்லில், எப்போது, எவ்வளவு தூது ஆர்.என்.ஏ.வை உருவாக்குகிறது என்பதே மரபணுச் செயல்பாடு. பிறப்பில் வரும் வேறுபாடு இதன் வழியாகவே நோயாக வெளிப்படக்கூடும். 2007இல் 994 ஆஸ்துமா நோயாளிகளையும் நோயற்ற 1,243 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு, 17ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியைக் குழந்தைப்பருவ ஆஸ்துமாவோடு இணைத்தது. அங்குள்ள வேறுபாடுகள் ஓ.ஆர்.எம்.டி.எல்.3 மரபணுவின் செயல்பாட்டு அளவை மாற்றின என்பதே அதன் முக்கியமான கண்டுபிடிப்பு.

தூரிகையில் வந்த செல்கள்

அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பிரஸ்காட் உட்ரஃப் குழுவினர் வேறொரு வழியில் சென்றனர். மூச்சுக்குழாய்க்குள் அகநோக்கியைச் செலுத்தி, அதன் வழியே நுழைத்த சிறு தூரிகையால் உட்சுவரின் மேல்படலச் செல்களை உரசி எடுத்தனர். அவற்றின் ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, ஆயிரக்கணக்கான மரபணுக்களின் செயல்பாட்டை நுண்ணணிச் சில்லில் ஒரே நேரத்தில் அளந்தனர். பெரியாஸ்டின், சி.எல்.சி.ஏ.1, செர்பின் பி2 ஆகிய மூன்று மரபணுக்கள் ஆஸ்துமா உள்ளவர்களிடம் கூடுதலாக இயங்கின. மூன்றையும் தூண்டுவது இன்டர்லூக்கின்-13. ஸ்டீராய்டு அவற்றை அடக்கியது.

2009இல் இதே மூன்றையும் அளவுகோலாக்கி, லேசான அல்லது மிதமான ஆஸ்துமா உள்ள 42 பேரைப் பிரித்தனர். ஏறத்தாழ பாதிப் பேரிடம் மட்டுமே அவை உயர்ந்திருந்தன. எட்டு வாரம் ஸ்டீராய்டு இன்ஹேலர் கொடுத்தபோது நுரையீரல் திறன் மேம்பட்டதும் அவர்களுக்குத்தான். மறுபாதியினருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. பிரவுன் சளியில் கண்ட பிரிவினை இப்போது மரபணுக்களின் மட்டத்தில் உறுதிப்பட்டது.

தோற்ற மருந்து வென்றது

இந்தப் பிரிவினையின் பயனை மெபோலிசுமாப் வரலாறு காட்டுகிறது. இன்டர்லூக்கின்-5ஐத் தடுக்கும் இம்மருந்து, நோயாளிகளை வகை பிரிக்காமல் நடத்திய தொடக்ககாலச் சோதனைகளில் ஏமாற்றியது. இயோசினோஃபில்கள் குறைந்தன, நோய்க்குறிகள் குறையவில்லை. 2009இல் வெளியான இரு சோதனைகள், சிகிச்சைக்குப் பின்னும் இயோசினோஃபில் அடங்காதவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தன. கடும் தாக்குதல்கள் தெளிவாகக் குறைந்தன. 2014இல் வெளியான மற்றொரு சோதனையில் ஸ்டீராய்டு மாத்திரையின் அளவை இடைநிலையாக 50 விழுக்காடு குறைக்க முடிந்தது. மறுஆண்டு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. மருந்து அதேதான், நோயாளித் தேர்வுதான் மாறியிருந்தது.

எல்லாக் குறியீடுகளும் இப்படி நிலைக்கவில்லை. பெரியாஸ்டின் மிகுந்தவர்களுக்கு, இன்டர்லூக்கின்-13ஐத் தடுக்கும் லெப்ரிகிசுமாப் நன்கு பயன்படும் என்று 2011இல் தோன்றிய நம்பிக்கை, 2016இல் வெளியான பெருஞ்சோதனைகளில் உறுதிப்படவில்லை. மருத்துவமனையில் நிலைத்தவை இரத்த இயோசினோஃபில் எண்ணிக்கையும், வெளிவிடும் மூச்சிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு அளவும்தான். இரண்டாவதும் மரபணுச் செயல்பாட்டின் அளவீடே. இன்டர்லூக்கின்-13 மேல்படலச் செல்களில் என்.ஓ.எஸ்.2 மரபணுவை முடுக்க, அதனால் உருவாகும் நொதி நைட்ரிக் ஆக்சைடைப் பெருக்குகிறது. கருவியில் ஒருமுறை ஊதினால் போதும். மூச்சுக்குழல் சுவரில் நடப்பதை எண்ணாகப் படித்துவிடலாம்.

கடுமையான நோயின் மூன்று முகங்கள்

யு-பயோபிரெட் என்ற ஐரோப்பியக் கூட்டாய்வு, கடுமையான நோயாளிகளையே மையத்தில் வைத்தது. ஆஸ்துமா உள்ள 104 பேரின் சளியிலிருந்த மரபணுச் செயல்பாட்டை அளந்து 2017இல் மூன்று தொகுதிகளைக் கண்டது. முதல் தொகுதியில் இயோசினோஃபில் அழற்சி. மாத்திரை ஸ்டீராய்டு எடுத்தும் அடங்காதவர்கள் இதில் மிகுதி. இரண்டாவதில் நியூட்ரோஃபில் என்னும் வேறு வெள்ளணுக்களும், இன்டர்ஃபெரான், இன்ஃப்ளமசோம் சார்ந்த மரபணுக்களும் ஓங்கின. மூன்றாவதில் வளர்சிதை மாற்றம், மைட்டோகாண்ட்ரியா சார்ந்தவை முன்னின்றன. வெளியே ஒரே மாதிரி மூச்சிளைக்கும் மூவரின் மூச்சுக்குழலில் மூன்று வேறு நோய்ச் செயல்முறைகள் இருக்கக்கூடும் என்பதே இதன் பொருள்.

இவற்றில் முதல் தொகுதிக்கே மருந்துகள் பெருகியுள்ளன. மேல்படலம் வெளிவிடும் டி.எஸ்.எல்.பி. என்ற எச்சரிக்கைப் புரதத்தைத் தடுக்கும் டெசெபெலுமாப் சற்று அகன்ற பயன் தருகிறது. 2021இல் வெளியான சோதனையில் ஆண்டுத் தாக்குதல் விகிதம் போலி மருந்தில் 2.10, இம்மருந்தில் 0.93, இயோசினோஃபில் குறைந்தவர்களிடமும் பயன் தெரிந்தது.

முடிவுரை

மரபணுச் செயல்பாட்டு ஆய்வு இதுவரை இரண்டு கொடைகளைத் தந்திருக்கிறது: எந்தப் புரதத்தைத் தடுப்பது என்ற இலக்கு, யாருக்குத் தடுப்பது என்ற தேர்வு. இரண்டாவது இல்லாமல் முதலாவது பலிக்கவில்லை என்பதற்கு மெபோலிசுமாப் சான்று. எனவே ஒருவரை நீண்டகால ஸ்டீராய்டு மாத்திரைக்கு உட்படுத்துமுன் இரத்த இயோசினோஃபிலையும் மூச்சின் நைட்ரிக் ஆக்சைடையும் அளந்து வகை அறிவது மருத்துவத்தின் கடமையாகிறது. இரண்டு அளவும் தாழ்ந்திருப்பவர்களுக்கு ஸ்டீராய்டின் அளவைக் கூட்டிக்கொண்டே போவது பெரும்பாலும் பின்விளைவையே கூட்டும். அடுத்த கட்ட ஆய்வு, இரண்டாம் மூன்றாம் தொகுதிகளைச் சேர்ந்த இவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும்.