பிரபுக்கள் சபை: நியமனமா, தேர்தலா?

பிரித்தானிய நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் பொதுமக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர் எவரும் இல்லை. உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் பிரதமரின் பரிந்துரைப்படி மன்னர் நியமிக்கும் ஆயுட்காலப் பிரபுக்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் ஆயர்களுக்கு 26 இடங்கள் உண்டு. இந்த அமைப்பு தொடரலாமா என்ற வாதம் நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது.

நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் 1909இல் கொண்டுவந்த வரவுசெலவுத் திட்டத்தில் நிலத்தின் மீது புதிய வரிகள் இருந்தன. நிலவுடைமையாளர்கள் நிறைந்த பிரபுக்கள் சபை அதை நிராகரித்தது. அடுத்த ஆண்டே இரண்டு பொதுத்தேர்தல்கள் நடந்தன. தேவைப்பட்டால் புதிய பிரபுக்களை நியமித்துப் பெரும்பான்மையையே மாற்றிவிடுவோம் என்று அரசு மிரட்டியது. அதன்பின் நிறைவேறிய 1911ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டம் மேலவையின் தடுப்பதிகாரத்தைப் பறித்தது. நிதி மசோதாவை ஒரு மாதமும் மற்றவற்றை இரண்டு ஆண்டுகளும் தாமதப்படுத்த மட்டுமே அதனால் முடிந்தது. 1949இல் அந்த இரண்டு ஆண்டு ஓராண்டானது. பரம்பரை அடிப்படையை நீக்கி மக்கள் அடிப்படையிலான மேலவையை அமைப்பதே நோக்கம் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் முகப்புரை கூறியது. அது நிறைவேறவில்லை.

ஆயுட்கால நியமனத்துக்கு 1958இல் சட்டம் வந்தது. பெண்கள் முதன்முறையாக அவைக்குள் நுழைந்ததும் அதன் வழியாகத்தான். 1999இல் பரம்பரைப் பிரபுக்களில் 92 பேர் தவிர மற்றவர்கள் வெளியேற்றப்பட்டனர். அந்த 92 இடங்களில் காலியானவற்றை நிரப்பப் பிரபுக்களுக்குள்ளேயே இடைத்தேர்தல் நடத்தினார்கள். 2016இல் லிபரல் ஜனநாயகக் கட்சிக்குரிய ஓர் இடத்துக்கு ஏழு வேட்பாளர்கள் நின்றார்கள்; வாக்காளர்கள் மூன்றே பேர். இதையும் தேர்தல் என்றே பதிவுசெய்திருக்கிறார்கள். எஞ்சிய பரம்பரை இடங்களையும் ஒழிக்கும் மசோதாவைப் பிரதமர் ஸ்டார்மரின் அரசு 2024 செப்டம்பரில் கொண்டுவந்தது.

நியமனத்தை ஆதரிப்பவர்கள் முதலில் சொல்வது நிபுணத்துவம்: தேர்தல் களத்தில் இறங்க விரும்பாத மருத்துவர், அறிவியலாளர், முன்னாள் நீதிபதி ஆகியோர் மசோதாக்களை வரிவரியாகத் திருத்த முடிகிறது. ஆனால் முன்னாள் எம்.பி.க்களும் கட்சி நிர்வாகிகளும் அதே வாசல் வழியாகத்தான் வருகிறார்கள் என்பதால் இது பாதி உண்மையே. நியமன ஆதரவாளர்களின் வலுவான வாதம் வேறு. மக்கள் ஆணை இல்லை என்பதாலேயே இந்த அவை இறுதியில் கீழவைக்கு விட்டுக்கொடுக்கிறது. ஆளுங்கட்சி தேர்தல் அறிக்கையில் வாக்குறுதியளித்த மசோதாவை இரண்டாம் வாசிப்பில் தோற்கடிப்பதில்லை என்ற சாலிஸ்பரி மரபு 1945 முதல் இருக்கிறது. தேர்தலில் வென்று வந்த மேலவை அப்படிப் பணியுமா? ஆஸ்திரேலியாவில் மக்கள் தேர்ந்தெடுத்த செனட் 1975இல் அரசின் நிதி ஒதுக்கீட்டை முடக்கியது. அந்த நெருக்கடியில் பிரதமர் விட்லமைத் தலைமை ஆளுநர் பதவிநீக்கம் செய்தார்.

இந்த அச்சம் கீழவைக்கும் உண்டு. ஆனாலும் 2007இல் மேலவை முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று கீழவை வாக்களித்தது. முழுவதும் நியமனமே வேண்டும் என்று பிரபுக்கள் வாக்களித்தார்கள். 80 விழுக்காட்டினரை 15 ஆண்டுப் பதவிக்காலத்துக்குத் தேர்ந்தெடுக்க வகைசெய்த 2012ஆம் ஆண்டு மசோதா, கீழவையின் இரண்டாம் வாசிப்பில் 462க்கு 124 என வென்றது. ஆயினும் எதிர்த்தவர்களில் 91 பேர் ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியினர். அவர்களை மீறி மசோதாவை நகர்த்த முடியாமல் அரசு அதைக் கைவிட்டது.

நியமன முறையின் உண்மையான ஓட்டை, நியமிப்பவர் கையில் கட்டுப்பாடின்றி அதிகாரம் இருப்பதுதான். எத்தனை பேரை நியமிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் உச்சவரம்பு இல்லை. அவையின் பலம் 800ஐ ஒட்டிப் பெருகியது அதனால்தான். லாயிட் ஜார்ஜ் பின்னர் பிரதமராக இருந்தபோது பட்டங்கள் விலைபோன ஊழலுக்குப் பின் 1925இல் தடைச்சட்டம் வந்தது. 2017இல் பர்ன்ஸ் பிரபு தலைமையிலான குழு 600 பேர், 15 ஆண்டுப் பதவிக்காலம் என்ற வரம்புகளைப் பரிந்துரைத்தது; ஆனால் அது சட்டமாகவில்லை. 2000இல் ஏற்படுத்திய நியமன ஆணையம் கட்சிகள் முன்மொழிபவர்களின் நன்னடத்தையைப் பரிசீலித்து ஆலோசனை சொல்லலாம். பிரதமர் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. 2020 டிசம்பரில் போரிஸ் ஜான்சன், ஆணையம் ஆதரிக்காத ஒருவரைப் பிரபுவாக்கினார். ஆணையத்தின் ஆலோசனையை மீறிய முதல் பிரதமர் அவரே.