ரெஸ்ல் கோட்டையும் ஒரு கல்யாணமும்

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ஸ்டார்க், லானிஸ்டர் குடும்பப் பகைக்கு ஜார்ஜ் மார்ட்டின் விதை எடுத்தது இங்கிலாந்தின் ரோஜாப் போர்களிலிருந்து. அதில் யார்க், லங்காஸ்டர் பெயர்தான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நெருப்பு முன்பே வடக்கில் புகைந்துகொண்டிருந்தது... பெர்சி, நெவில் என்று இரண்டு பிரபுக் குடும்பங்கள்.

யார்க்‌ஷயரின் ரெஸ்ல் கோட்டை பெர்சிகள் கட்டியது. 1403-ல் மன்னனை எதிர்த்து ஷ்ரூஸ்பரியில் தோற்றார்கள், கோட்டை பறிமுதல்! பிறகு அது கிராம்வெல் பிரபு கைக்குப் போனது (ஆலிவர் இல்லை, இவர் வேறு). அவருக்குப் பிள்ளை இல்லை. வாரிசான மருமகள் மாட் ஸ்டான்ஹோப்பை 1453-ல் கட்டிக்கொண்டவர் தாமஸ் நெவில். தாத்தா காலத்துச் சொத்து எதிரி வீட்டுக்குப் போனால் சும்மா இருப்பார்களா?

ஆகஸ்ட் 24. யார்க் நகருக்கு வெளியே ஹெவொர்த்தில் கல்யாண ஊர்வலத்தை மறித்தார் தாமஸ் பெர்சி. கூட வந்தவர்களில் 700 பேருக்கு மேல் பெயரோடு பதிவாகியிருக்கிறார்கள். இத்தனைக்கும் மாப்பிள்ளை அவருக்குத் தாய்மாமன் மகன்!

அன்று பெரிய ரத்தக்களரி இல்லை. ஆனால் நெவில்கள் யார்க் பக்கம் சாய, பெர்சிகள் மன்னர் பக்கம் நின்றார்கள். 1455-ல் செயின்ட் ஆல்பன்ஸில் பெர்சியின் அப்பா செத்தார். 1460 ஜூலையில் நார்தாம்டனில் பெர்சி. அதே டிசம்பரில் வேக்ஃபீல்டில் நெவில். பேச்சுக்குத்தான் ரோஜா, அடியில் சொத்துத் தகராறு.

ரெஸ்லில் இப்போது தெற்குப் பக்கக் கட்டடம் மட்டும் கூரையில்லாமல் நிற்கிறது.