நோய்ப்படுக்கையும் சட்டமன்றமும்

காவலூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வைணு பாப்பு வான் ஆய்வகம்தான் நினைவுக்கு வரும். அதே ஜவ்வாது மலையில், சாலை போய்ச் சேராத ஊர்களிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கிவருகிற வழக்கம் இன்னும் முழுதாக ஒழிந்துவிடவில்லை. நோயும் அரசியலும் வேறுவேறல்ல என்பதை இந்த மலையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அண்ணல் அம்பேத்கர் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவில் நான் எடுத்துக்கொண்டிருப்பது அதன் மறுபக்கம். சட்டம் செய்கிற இடத்தில் இருப்பவர் நோயில் விழுந்தால் அதிகாரம் யார் கைக்குப் போகிறது? அதில் யாருடைய சட்டம் பிழைக்கிறது, யாருடைய சட்டம் சாகிறது?

முதலில் 1932. அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளியான வகுப்புவாரித் தீர்ப்பு, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மாகாண சட்டமன்றங்களில் 71 இடங்களைத் தனித்தொகுதியாகக் கொடுத்தது. நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கலாம். அதோடு பொதுத்தொகுதியிலும் வாக்களிக்கலாம். செப்டம்பர் 20-இல் எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். நாளுக்கு நாள் அவர் உடல்நிலை மோசமானதாகச் செய்தி வந்தது. அவர் உயிருக்கு ஏதாவது ஆனால் ஊர்களில் இருக்கும் நம் சேரிகளின் கதி என்ன என்ற கேள்வி அம்பேத்கரின் கழுத்தில் கத்தியாக நின்றது. செப்டம்பர் 24-இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. நம் பக்கத்திலிருந்து இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் அதில் கையெழுத்திட்டார்கள். இடங்கள் 148 ஆயின. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. எண்ணிக்கை கூடியது. தனித்தொகுதி போனது. இறுதித் தேர்தல் கூட்டு வாக்காளர் கையில் போனது. ஒரு மனிதரின் உடல் தளர்ந்த ஐந்து நாட்களில் ஒரு மக்கள் திரளின் பிரதிநிதித்துவ முறையே மாறிவிட்டது.

காந்தியின் தளர்ச்சி அவரே வரவழைத்துக்கொண்டது. அதை நோய் என்று சொல்ல முடியாது என்று சிலர் வாதிடலாம். ஆனால் வரலாறு பார்க்க வேண்டியது, எந்த உடல் தளர்ந்தால் நாடு பதறுகிறது, எந்த உடல் தளர்ந்தால் நாடு காத்திருக்கச் சொல்கிறது என்பதைத்தான். அதற்கு 1951-க்கு வர வேண்டும்.

இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா 1947 ஏப்ரல் 11-இல் அவையில் வைக்கப்பட்டது. 1948 ஏப்ரலில் தேர்வுக் குழுவுக்குப் போனது. சட்ட அமைச்சராக அம்பேத்கர் அதைச் செப்பனிட்டார். மகளுக்குச் சொத்தில் பங்கு, மனைவிக்கு மணவிலக்கு உரிமை, ஒருவனுக்கு ஒருத்தி, சாதி கடந்த திருமணத்துக்குச் சட்ட ஏற்பு என்று சாதியின் அடித்தளத்திலேயே கைவைத்த மசோதா அது. பெண்ணின் உடலையும் சொத்தையும் கட்டுக்குள் வைத்துத்தான் சாதி தன்னைக் காத்துக்கொள்கிறது என்று இளவயதிலேயே எழுதியவர் அவர். அதனால்தான் எதிர்ப்பும் அவ்வளவு வந்தது.

1951-இல் அவர் உடல் நலம் கெட்டிருந்தது. நீரிழிவும் கால் வலியும் அவரை வாட்டின. ஆகஸ்ட் 10-இல் பிரதமர் நேருவுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். தன் உடல்நிலை தனக்கும் மருத்துவர்களுக்கும் கவலை தருகிறது. மருத்துவர்கள் கையில் தன்னை ஒப்படைப்பதற்கு முன் இந்த மசோதாவை முடித்துவிட வேண்டும். ஆகஸ்ட் 16-இல் எடுத்துக்கொண்டால் செப்டம்பர் 1-க்குள் முடிக்கலாம் என்பது அதன் சாரம். மசோதாவுக்கு உள்ளேயும் வெளியேயும் எதிர்ப்பு இருக்கிறது, செப்டம்பர் தொடக்கத்தில் எடுத்துக்கொள்வதாக அமைச்சரவை முடிவு செய்திருக்கிறது, நிதானமாகப் போகலாம் என்று நேரு பதில் எழுதினார்.

செப்டம்பர் தொடக்கம், செப்டம்பர் 17 ஆனது. அதற்குள் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத், தேர்தலைச் சந்திக்காத தற்காலிக நாடாளுமன்றம் இதைச் செய்யக் கூடாது என்று நேருவுக்கு எழுதியிருந்தார். முழு மசோதா வேண்டாம், திருமணமும் மணவிலக்கும் மட்டும் போதும் என்று சுருக்கினார்கள். பிறகு அதுவும் வேண்டாம் என்றார்கள். நான்கு பிரிவுகள் மட்டும் நிறைவேறிய நிலையில் மசோதா கைவிடப்பட்டது. செப்டம்பர் 27-இல் அம்பேத்கர் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோய் அந்த மசோதாவைத் தோற்கடிக்கவில்லை. அவை நடந்த நாட்களில் அவர் வந்தார், பேசினார், வாதாடினார். நோய் காரணமாகத்தான் விலகினார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, நோய்க்காகக் கடமையை விடுகிற ஆள் நானல்ல என்று தன் பதவி விலகல் அறிக்கையிலேயே மறுத்தும் வைத்தார். மசோதாவைத் தோற்கடித்தது தாமதம். நோயுற்றவருக்குக் காலம் குறைவு. எதிர்ப்பவருக்குக் காலம் தாராளம். இந்த வேறுபாடு தெரிந்தவர்களுக்கு மசோதாவை எதிர்த்து ஓட்டுப்போட வேண்டிய அவசியமே இல்லை, தள்ளிப்போட்டாலே போதும். 1932-இல் ஒருவர் உடலுக்காக ஐந்து நாளில் எல்லாம் முடிந்தது. 1951-இல் இன்னொருவர் தன் உடலைச் சொல்லி இரண்டு வாரம் கேட்டார், கிடைக்கவில்லை. பின்னர் 1955-இலும் 1956-இலும் அதே மசோதா நான்கு தனிச் சட்டங்களாக நிறைவேறியபோது அமைச்சர் நாற்காலியில் அவர் இல்லை. 1956 டிசம்பர் 6-இல் மறைந்தார்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே நோய் ஆட்சியையே கிடத்தியிருக்கிறது. 1984 அக்டோபரில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, நவம்பரில் அமெரிக்காவின் புரூக்ளினுக்குக் கொண்டுபோகப்பட்டார். பொறுப்பு நெடுஞ்செழியனிடம் வந்தது. டிசம்பர் தேர்தலில், ஆண்டிப்பட்டி வேட்பாளர் தொகுதிக்கு வராமலேயே வென்றார். அவர் மருத்துவமனையில் இருக்கும் படக்காட்சிதான் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தது. 1987 டிசம்பர் 24-இல் அவர் இறந்ததும் அதுவரை மூடிவைத்தது வெடித்தது. கட்சி இரண்டாக உடைந்தது. ஜானகி அம்மையார் 1988 ஜனவரி 7-இல் பதவியேற்றார். ஜனவரி 28-இல் நம்பிக்கை வாக்கெடுப்பின்போது பேரவைக்குள்ளேயே அடிதடி. ஜனவரி 30-இல் ஆட்சி கலைக்கப்பட்டது. ஓராண்டுக்குத் தமிழ்நாட்டில் சட்டமன்றமே இல்லை. 234 பேரைத் தேர்ந்தெடுத்த மக்களுக்கு, ஒரே ஒருவர் இறந்ததால் பேசுவதற்கு ஓர் இடம் இல்லாமல் போனது.

2016-இல் இது திரும்பியது. செப்டம்பர் 22-இல் ஜெயலலிதா மருத்துவமனைக்குப் போனார். அக்டோபர் 11-இல் ஆளுநர் வித்யாசாகர் ராவ், அவர் கவனித்த துறைகளை ஓ. பன்னீர்செல்வத்துக்கு ஒதுக்கினார், முதலமைச்சரின் ஆலோசனைப்படி என்று அறிவிப்பு சொன்னது. டிசம்பர் 5-இல் அவர் மறைந்தார். இந்த 75 நாட்களில் நடந்த ஒன்றைக் கவனியுங்கள். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அட்டைதாரர் எல்லோருக்கும் அரிசி என்னும் தமிழ்நாட்டு முறைக்கு ஒத்துவராது என்று சொல்லி அவர் அதை ஏற்காமல் இருந்தார். அவர் படுக்கையில் இருந்தபோதே, நவம்பர் 1 முதல் அந்தச் சட்டம் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. எல்லோருக்கும் அரிசி தொடரும் என்று அரசு சொன்னது, தொடர்ந்தது. அந்த முடிவு சரியா தவறா என்பது இன்றைய பேச்சல்ல. ரேஷன் அரிசியை நம்பி உலை வைக்கும் குடும்பங்களைத் தொடும் முடிவு ஒன்றை, மூன்றாண்டு மறுத்துவந்த தலைவர் பேச முடியாத நாட்களில், யார் எடுத்தார்கள் என்று மக்கள் கேட்க வழி இருந்ததா என்பதே கேள்வி.

நம் அரசமைப்பில் இதற்கு விடை பாதிதான் இருக்கிறது. குடியரசுத் தலைவர் நோயுற்றால் துணைத் தலைவர் அவர் பணியைச் செய்வார் என்று 65-ஆவது பிரிவு சொல்கிறது. முதலமைச்சர் செயலிழந்தால் என்ன என்று எந்தப் பிரிவும் நேராகச் சொல்லவில்லை. அவர் செயலிழந்திருக்கிறாரா என்பதை யார் தீர்மானிப்பது என்றும் இல்லை. எழுதாமல் விட்ட அந்த இடத்தில்தான் மருத்துவ அறிக்கை அரசியல் அறிக்கையாகிறது.

வேறு நாடுகளையும் பார்ப்போம். 1979 மார்ச் 28-இல் பிரிட்டனில் தொழிற்கட்சி அரசு 311-க்கு 310 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தது. அக்கட்சியின் உறுப்பினர் ஆல்பிரட் பிராட்டன் மரணப்படுக்கையில் இருந்தார். அவரை அழைத்துவர வேண்டாம் என்று பிரதமர் காலகன் விட்டுவிட்டார். சில நாட்களில் அவர் இறந்தார். அடுத்து வந்த தேர்தலில் தொடங்கிய பழமைவாதக் கட்சி ஆட்சி 18 ஆண்டு நீடித்தது. அமெரிக்காவில் 1964 ஜூன் 10-இல், கறுப்பின மக்களுக்கான குடியுரிமைச் சட்டத்தை முடக்கிவைத்திருந்த நீண்ட பேச்சுத் தடையை முடிக்க 67 வாக்குகள் தேவைப்பட்டன. மூளைக் கட்டியால் பேச்சிழந்த கிளேர் எங்கிள் என்ற உறுப்பினரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். பெயர் அழைக்கப்பட்டபோது அவர் தன் கண்ணைச் சுட்டிக்காட்டினார். அதை ஆதரவு வாக்காக அவை ஏற்றது. 71 வாக்குகளுடன் தடை உடைந்தது. அடுத்த மாதம் அவர் இறந்தார். அங்கே நோயாளியின் வாக்குக்கு அவை இடம் கொடுத்தது. அதைவிட முக்கியமானது, அந்தச் சட்டத்துக்குப் பின்னால் தெருவில் ஓர் இயக்கம் நின்றது. ஒருவர் நோயில் விழுந்தாலும் அது விழுந்திருக்காது.

இந்த மலைக்குத் திரும்பிப் பார்த்தால் விஷயம் இன்னும் கூர்மையாகிறது. 234 தொகுதிகளில் தாழ்த்தப்பட்டோருக்கு 44. பழங்குடியினருக்கு ஏற்காடும் சேந்தமங்கலமும் ஆக 2 மட்டுமே. ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு இங்கே தனித்தொகுதி இல்லை. 2013 ஜூலையில் ஏற்காடு உறுப்பினர் பெருமாள் காலமானார். டிசம்பரில்தான் இடைத்தேர்தல் நடந்தது. அந்த மாதங்களில் மாநிலம் முழுதுமுள்ள பழங்குடித் தனித்தொகுதிக் குரலில் பாதி பேரவையில் இல்லை. 188 பொதுத்தொகுதிகளில் ஒன்று காலியானால் அது ஒரு தொகுதியின் குறை. இரண்டில் ஒன்று காலியானால் ஒரு சமூகத்தின் குறை. எண்ணிக்கை குறைந்தவர்களுக்கு நோய் எப்போதும் அதிக விலை வைக்கிறது.

அரசமைப்பு அவையில் 1949 நவம்பர் 25-இல் பேசியபோது, எவ்வளவு பெரிய மனிதராயினும் அவர் காலடியில் நம் உரிமைகளை வைத்துவிடாதீர்கள், அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கு வழி என்று அம்பேத்கர் எச்சரித்தார். அதை நாம் ஒழுக்க அறிவுரையாகவே படித்துவந்திருக்கிறோம். இரண்டே ஆண்டில் அவருடைய மசோதாவுக்கு நேர்ந்ததோடு சேர்த்துப் படித்தால், அது நடைமுறை அறிவுரை. பெரிய மனிதருக்கும் உடல் உண்டு. அந்த உடல் தளரும். அவரிடம் ஒப்படைத்த உரிமை அன்றைக்கு யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது.

மாணவத் தோழர்களே, இதிலிருந்து செய்ய வேண்டியவை பெரிய காரியங்களல்ல. உங்கள் தொகுதி உறுப்பினர் பேரவையில் என்ன கேட்டார் என்பதை அவைக் குறிப்புகளில் தேடிப் படியுங்கள். வன உரிமைப் பட்டா, சாலை, ஆரம்ப சுகாதார நிலையம் என்று எந்தக் கோரிக்கையையும் ஒருவர் சட்டைப்பையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். கிராம சபைத் தீர்மானமாக்குங்கள், நகல் வைத்திருங்கள், பத்துப் பேருக்கு அதன் விவரம் தெரிந்திருக்கட்டும். நம் இயக்கங்களுக்குள்ளும் தலைவர் படுத்தால் அடுத்து யார் என்பதை அவர் நலமாக இருக்கும்போதே பேசி முடிவு செய்யுங்கள். அண்ணல் 1951-இல் கேட்ட இரண்டு வாரத்தை நாடாளுமன்றம் கொடுக்கவில்லை. அப்போது அவருக்குப் பின்னால் அந்த மசோதாவைத் தங்களுடையது என்று கேட்டு நிற்கும் பெண்களும் தொழிலாளரும் போதுமான அளவு திரட்டப்பட்டிருந்தால், கொடுக்காமல் இருந்திருக்க முடியாது. அந்தத் திரட்டும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.

ஜெய் பீம்.