சிங்கராஜ வனத்தின் வாசல்: கலவானவில் காடும் மோட்டார்ப் பாதையும்

இரத்தினபுரி மாவட்டத்தின் தென்மேற்கே, தேயிலையும் இறப்பரும் மாறி மாறிப் படர்ந்த குன்றுகளுக்கிடையே அமைந்த கலவான என்னும் சிற்றூர், சென்ற அரை நூற்றாண்டுக் காலமாகச் சிங்கராஜ வனத்திற்குச் செல்வோரின் பிரதான வாசலாக விளங்கி வருகிறது. வனத்தைப் பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்டது அரசாங்கத்தின் சட்டம் என்றே பலரும் கருதுவர். ஆயின், சரித்திரத்தை நுணுகி நோக்குமிடத்து, அதைத் திறந்தது மோட்டார் வண்டிக்கென வெட்டப்பட்ட ஒரு பாதையே என்பதும், அதனால் வண்டி உடையவருக்கே அவ்வாசல் அகலத் திறந்தது என்பதும் புலனாகின்றன.

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், பயிரிடப்படாத காடுகள் யாவும் முடிக்கே உரியவை என அனுமானித்தது. அச்சட்டத்தின் பலத்தினால் கைப்பற்றப்பட்ட காணிகளே துரைமாருக்கு விற்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்களாகவும், பின்னர் தேயிலைத் தோட்டங்களாகவும் மாறின. விற்கப்படாது எஞ்சிய காடுகளுள் ஒன்றே 1875இல் சிங்கராஜ முக்கலானை என்ற பெயரில் ஒதுக்கப்பட்டது. ஆகவே தமிழகத்திலிருந்து கங்காணிமார் கூட்டிவந்த ஜனங்களின் லயங்களும், அவற்றிற்கு அப்பால் கறுத்துத் தோன்றும் காடும் ஒரே சட்டத்தின் இரு விளைவுகளாம். கித்துள் சீவியும் பிரம்பு வெட்டியும் ஜீவித்த சிங்களக் கிராமத்தவரின் பழைய பாத்தியதையும் அன்றிலிருந்தே கேள்விக்குரியதாயிற்று.

இலங்கை மோட்டார்ச் சங்கம் 1904இல் தாபிக்கப்பட்ட போதிலும், கார் நெடுங்காலம் துரைமாரினதும் கொழும்புச் செல்வந்தரினதும் வாகனமாகவே இருந்தது. ஏனையோருக்குக் களனிப் பள்ளத்தாக்கின் குறும்பாதை ரயிலே கதி. அது 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்கவையும் எட்டியது. கலவானவுக்கு ஒருபோதும் வரவில்லை. அவிசாவளைக்கு அப்பாலிருந்த அவ்வழியும் 1976இல் மூடப்பட்டபோது, 1958இல் தேசியமயமாக்கப்பட்ட பஸ் ஒன்றே சாமானியரின் துணையாக நின்றது.

அக்காலத்தில்தான் வனத்தினுள் முதன்முறையாக இயந்திரங்கள் புகுந்தன. கொஸ்கமவில் நிறுவப்பட்ட அரசாங்க ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கு மரம் வேண்டி, 1971 முதல் சிங்கராஜவின் மேற்குப் பகுதியில் பெருமரங்கள் வீழ்த்தப்பட்டன. மனித பாதமன்றி வேறெதுவும் அறியாத சரிவுகளை மண்வாரி இயந்திரங்கள் வெட்டி, மரலொறிகள் ஏறி இறங்கத் தக்க பாதையைச் சமைத்தன. இயற்கைப் பாதுகாப்பில் ஈடுபட்டோரும் கல்விமான்களும் தொடர்ந்து ஆட்சேபித்ததன் பயனாக, 1977இல் பதவியேற்ற புதிய அரசாங்கம் மரம் வெட்டுதலை நிறுத்தியது. 1978இல் யுனெஸ்கோவின் மனிதனும் உயிர்மண்டலமும் திட்டத்தில் சேர்க்கப்பட்ட இவ்வனம், 1988இல் தேசிய மரபுரிமைக் காடாகவும், அதே ஆண்டில் ஏறக்குறைய 8,864 ஹெக்டேர் விஸ்தீரணத்துடன் உலக மரபுரிமைத் தலமாகவும் அங்கீகாரம் பெற்றது.

லொறிகள் போய்விட்டன, பாதை போகவில்லை. வெத்தாகல வழியாகக் குடாவவை அடைந்து, வன இலாகாவின் அலுவலகத்தில் சீட்டுப் பெற்று, வழிகாட்டி ஒருவருடன் புறப்படுகிறவர் இன்று நடப்பது பெரும்பாலும் அந்த மரலொறிப் பாதையிலேயே. காட்டின் நடுவே அது இவ்வளவு அகலமாகவும் சீராகவும் அமைந்திருப்பதன் காரணம் அதுவே. மழை ஓய்ந்த வேளையில் ஈரச் சருகுகளின் மேல் அட்டைகள் தலைதூக்கி நெளியும். காலுறைக்கு மேல் சவர்க்காரம் தேய்த்தவர்களும் நின்று நின்று காலைத் தடவிப் பார்ப்பர். பல இனப் பறவைகள் ஒன்றுகூடி இரைதேடும் அதிசயக் கூட்டங்களைப் பாதையோரத்திலேயே காணலாம். அழிவுக்காக வெட்டிய வழியே ஆராய்ச்சிக்கும் ஆனந்தத்திற்கும் வழியானதை நான் மனமார வரவேற்கிறேன். எனினும் அவ்வழியில் யார் வருகிறார்கள் என்ற வினாவையும் ஒதுக்கிவிட முடியாது.

1977இன் திறந்த பொருளாதாரத்திற்குப் பின்னர் நுகேகொட, மஹரகம, கொட்டாவ முதலான கொழும்பின் புறநகர்கள் பெருகின. அங்கு வான் அல்லது கார் வைத்திருப்பது நடுத்தரக் குடும்பத்தின் இலட்சணமாயிற்று. 2011இல் கொட்டாவவிலிருந்து காலியை நோக்கித் தெற்கு அதிவேகப் பாதை திறக்கப்படவே, மத்துகம மார்க்கமாகக் கலவானவை அடைவது மேலும் எளிதாயிற்று. இது இலங்கைக்கு மாத்திரம் உரிய கதையன்று. அமெரிக்காவில் 1872இல் ஒதுக்கப்பட்ட யெல்லோஸ்டோன் பூங்காவினுள் 1915இல் கார்கள் அனுமதிக்கப்பட்டதன் பின், பூங்காவைக் காண்பதென்பது மெல்ல மெல்லக் காரில் போவதென்றே ஆயிற்று. இங்கிலாந்திலோ 1932இல் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் மான்செஸ்டர்த் தொழிலாளர் அத்துமீறி நடந்து, நடப்போரின் உரிமையையே முன்வைத்தனர்.

கலவானத் தோட்டங்களிலிருந்து அத்தகைய குரல் எழாதது ஏன்? 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. காட்டில் மரங்கள் சாய்ந்த அதே ஆண்டுகளில் லயங்களில் பலர் கப்பலுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தனர். எஞ்சியோரை 1981இல் இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்களில் மூண்ட வன்செயல் மீண்டும் நிலைகுலைத்தது. பயந்து வாழ்பவன் அந்தி சாயும் காட்டு வழியில் உல்லாசமாகச் சஞ்சரிக்கத் துணிவானா? இன்றும் ஒருநாள் வரவு பதியாவிட்டால் சம்பளம் குறையும் கொழுந்துக்காரிக்கு, பஸ் மாறிச் சென்று, ஜீப்பும் பிடித்துக் காடு காண்பது இலகுவான காரியமன்று. கொட்டாவக் குடும்பத்திற்குக் காலைப் பயணமாக உள்ள வனம், கண்ணெதிரே மலையாக நிற்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்நியமாயிருக்கிறது.

2020இல் வனத்தை ஒட்டிய நெலுவ–லங்காகமப் பாதை விஸ்தரிக்கப்பட்டபோது எழுந்த சர்ச்சையிலும் இதே முரண்பாடு வெளிப்பட்டது. கிராமத்தவர் கேட்டது ஆஸ்பத்திரிக்கும் பாடசாலைக்கும் போக வழி. காட்டை நேசித்தோர் அஞ்சியதோ, அவ்வழியே பின்தொடரக்கூடிய வண்டிகளையும் கட்டடங்களையும். இரு சாராரின் நியாயத்தையும் நான் ஏற்கிறேன். ஆனால் புதிய பாதை வெட்டுவதற்கு முன் செய்யத்தக்கது ஒன்றுண்டு: கலவான பஸ் நிலையத்திலிருந்து குடாவவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டக் குடும்பங்களுக்கென ஒரு பஸ்ஸும், தமிழில் விளக்கும் வழிகாட்டிகளும், அக்குழந்தைகளுக்குக் கட்டணமின்றிப் பிரவேசமும் அளித்தல். இதற்கு ஒரு மரமும் வெட்ட வேண்டியதில்லை.