முடியும் குடியும் – சயாம் தேசத்து மூவர்ணம்

பாங்காக் மாநகரில், பிராமணர் கோவிலின் அருகே, செந்நிறத் தூண்கள் இரண்டு வானளாவ நிற்கின்றன. அரண்மனைக் குருமார்களின் முன்னோர் தென்னாட்டிலிருந்து சென்றவர்கள் என்பது மரபு; அவர்கள் அத்தூண்களிடையே நடத்திவந்த ஊஞ்சல் திருவிழாவுக்கு வழங்கிய 'திரியம்பவாய்' என்ற பெயரில் நமது திருவெம்பாவையே ஒலிக்கிறது. பிறர் பொருளைப் பக்தியோடு ஏற்றுத் தன் பொருளாக்கிக்கொள்வது அந்த ராஜ சபையின் தனிக் கலை. 1767-இல் பர்மியர் படையெடுப்பால் அயூத்தியா நகரம் அழிந்துபோக, 1782-இல் பாங்காக்கில் சக்ரி வம்சத்தை நிறுவிய முதலாம் இராமர், புதிய கோட்டை கொத்தளங்களை எழுப்பியதோடு அமையாமல், இராமகாதையையும் 'ராமகியன்' என்று சயாமிய மொழியில் இயற்றுவித்தார்.

அந்தக் கலைக்குப் பெருஞ்சோதனை அவ்வம்சத்து மன்னர் சூலலங்கரணர் காலத்தில் வந்தது. 1893-இல் பிரெஞ்சுப் பீரங்கிக் கப்பல்கள் ஆற்றின் வழியே தலைநகருக்குள் புகுந்து, மேகாங் நதிக்குக் கிழக்கேயிருந்த நிலத்தைப் பறித்தன. எல்லை சுருங்கச் சுருங்க, எஞ்சிய மண்ணை இறுகப் பிணிக்க வேண்டும் என்று உணர்ந்த அம்மன்னர், மேனாட்டு முறையில் அமைச்சகங்களை வகுத்து, சகோதரர் தம்ரோங்கின் துணையால் பரம்பரைச் சிற்றரசர்களின் ஆட்சிக்குப் பதிலாகத் தலைநகரின் அதிகாரிகளை மாகாணந்தோறும் அமர்த்தினார். 1905-இல் அடிமை முறையையும் ஒழித்தார். சிற்றரசனுக்கும் எஜமானனுக்கும் கட்டுண்டிருந்தவன் இவ்வாறு ஒரு தேசத்தின் பிரஜையானான்.

அந்தப் பிரஜைக்குத் தேசாபிமானத்தைப் போதித்தவர், இங்கிலாந்தில் கல்வி கற்றுத் திரும்பிய அவர் மைந்தர் வஜிராவுதர். 'நாடு, சமயம், மன்னர்' என்னும் மும்மையை அவர் மந்திரம்போல் ஓதினார். 1913-இல் குடிகள் யாவரும் குடும்பப் பெயர் பூண வேண்டுமென்று சட்டமியற்றி, 6,000-க்கும் மேற்பட்ட பெயர்களைத் தாமே சூட்டினார். 1917-இல், வெள்ளை யானை பொறித்த பழைய கொடி இறங்கி, மூவர்ணக் கொடி ஏறிற்று. யானை மன்னரின் சின்னம். புதிய கொடியிலோ சமயத்துக்கு வெண்மையும் மன்னருக்கு நீலமும் வாய்க்க, குடிகளின் குருதிச் செம்மையும் அவற்றோடு சரிநிகராக இடம்பெற்றது.

அதன் பலனை 1932 ஜூன் 24 காட்டிற்று. அன்று புரட்சியாளர்களால் மன்னரின் வரம்பற்ற அதிகாரம் முடிவுற்றது. 1935-இல் ஊஞ்சலாட்டமும் நின்றது. 1939-இல் சயாம் என்ற பெயரே தாய்லாந்து என மாறியது. ஆயினும், மன்னரின் அதிகாரத்தைப் பறித்தவர்கள் மன்னர் வகுத்த கொடியைத் தொடவில்லை. ஏனெனில், அதில் அவர்களுடைய செந்நிறமும் இருந்தது.

(தொடரும்)